பழைய ஜீப்பும் புதிய மரையாணியும்

பெருந்தேர் தெருவில் உருண்டு வருங்கால் காண்போர் கண்கள் அதன் சிகரத்தையும் சிற்பங்களையுமே நோக்குகின்றன. சக்கரம் கழலாமற் காத்து நிற்கும் அச்சாணியை நோக்குவார் மிகச் சிலரே. சிறிய வடிவினதென்று எதனையும் இழிவாக எண்ணலாகாது என்பதற்குத் திருவள்ளுவர் அவ்வச்சாணியையே சான்றாகக் கொண்டனர். உப்பு வாணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் ஆகிய நெடுவழியில் தம் வண்டிக்கு யாது நேருமோ என்று அஞ்சி, வேறோர் அச்சினையும் வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு புறப்படுவர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் உவமையாக அமைத்தனர். வண்டியின் உயிர் அதன் சிற்றுறுப்புக்களிலே தங்கியுள்ளது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இவற்றாற் போதரும்.

இக்காலத்திற் பழைய ஜீப்பு வண்டியை வாங்கிப் புதுக்குவோர் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். அவர் பெரும் பொருள் செலவிட்டுப் பட்டைவில்லை மாற்றுவர். பெரிய டயர்களைப் பூட்டுவர். புது வண்ணம் தீட்டுவர். ஆயின் இவை யாவற்றையும் ஒன்றாகப் பிணித்து நிற்கும் பழைய மரையாணிகளை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் தடவி, மீண்டும் பழைய இடத்திலேயே முறுக்கிவிடுவர். இது தகாத செயல் என்பதையும், தகாமைக்குக் காரணம் யாது என்பதையும், மாற்றும் முறை எத்தகையது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இரும்பாணியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். பட்டறையில் வேலை செய்வோர் கையறிவால் உணர்ந்தவை தமிழில் எழுதப்படாமையால் அவர் காலத்தோடு மறைந்துவிடுகின்றன. நூலிற் படித்தவை தமிழில் வாராமையால் பட்டறையை எட்டுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறு பாலம் இடுதல் மாணவர் கடமையே என்று கருதுகின்றோம். சொற்களைப் பொறுத்தவரை, போல்ட்டு என்று வழங்குவதைப் பொதுவாக மரையாணி என்றும், சிறப்புப் பெயர்களைப் பட்டறையில் வழங்குமாறே சென்டர் போல்ட்டு, யூ போல்ட்டு என்றும் எழுதுவோம். நட்டு என்னும் சொல்லை அவ்வாறே கொண்டோம். அறிவு தடுமாறியவனை மரை கழன்றவன் என்று ஏசும் அளவுக்கு இச்சொற்கள் நம் பேச்சிற் கலந்துவிட்டன அன்றோ!

ஊரும் வண்டியும்

முகத்துவாரக்குப்பம் என்பது சென்னையின் வடகோடியில், கொசத்தலையாறு எண்ணூர்க் கழியின் வழியாகக் கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த மீனவர் ஊர். அதனை அடுத்த எண்ணூரிலேதான், 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரால் நிறுவப்பெற்று, 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர் பூண்ட வண்டித் தொழில் வளர்ந்தது. தென்பால் உள்ள திருவொற்றியூர் என்பீல்டு மோட்டார் சைக்கிளால் பெயர்பெற்றது. ஆகவே வண்டியின் உறுப்புக்களைப் பற்றிய அறிவு இக்கரைக்குப் புதியதன்று. ஆயினும் ஒருபுறம் கடல், ஒருபுறம் கழி, அப்பால் அத்திப்பட்டு முதலிய இடங்களின் உப்பளங்கள் என்று மும்முகமாக உப்புச் சூழ்ந்திருத்தலின், இரும்பிற்கு இதனினும் கொடிய இடம் காண்டல் அரிது.

ஜீப்பு வண்டி இரண்டாம் உலகப் போரின் பொருட்டு அமெரிக்காவிற் பிறந்தது. 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளாற் செய்யப்பட்டன. போர் முடிந்தபின், இக்காலத்து மகிந்திரா எனப்படும் கம்பெனியார் 1947-ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வருவித்துப் பம்பாயிற் கூட்டத் தொடங்கினர். பின்னர் அவ்வழியில் வந்த எம்.எம். 540 முதலிய வண்டிகளும், 1985-ஆம் ஆண்டில் மாருதி கம்பெனியார் வெளியிட்ட ஜிப்ஸியும் காட்டிலும் மேட்டிலும் மணலிலும் ஓடிப் புகழ் பெற்றன. அவ்வகை வண்டிகள் இன்று புதியனவாகக் கிடைப்பதில்லை. பழையனவே கைம்மாறி வருகின்றன. ஆதலின் இவற்றைப் புதுக்குதல் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

வில்லின் அமைப்பு

நம் நாட்டு வில்வண்டியைக் கண்டவர்க்கு ஜீப்பின் வில்லை விளக்க வேண்டுவதில்லை. வளைந்த உருக்குப் பட்டைகள் பல, நீண்டது ஒருபுறமும் குறுகியது மறுபுறமுமாக அடுக்கப்பட்டு ஒரு கட்டாக அமைவதே பட்டைவில். அவ்வடுக்கின் நடுவே எல்லாப் பட்டைகளையும் ஊடுருவி நிற்பது சென்டர் போல்ட்டு. அதன் தலை, அச்சின்மேல் உள்ள ஒரு குழியிற் பொருந்தி, அச்சு நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கிறது. வில்லையும் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பன, இருபுறமும் கவிந்து நிற்கும் யூ போல்ட்டுகள். வில்லின் ஒரு முனை சட்டத்தோடு ஒரு மரையாணியால் இணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை, ஷாக்கிள் எனப்படும் ஊசல் தகடுகளின் வாயிலாகத் தொங்கும். வில் அமுங்கும்போது அதன் நீளம் சிறிது மிகுதலின், அதற்கு இடங்கொடுக்கவே அவ்வூசல் வேண்டப்படுகிறது. இவ்விரு முனைகளிலும், வில்லின் கண்ணுக்குள் ரப்பராலோ வெண்கலத்தாலோ ஆகிய புஷ் ஒன்று செருகப்பட்டிருக்கும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். விரலளவே பருமனுள்ள இவ்வாணிகள் வண்டியின் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன? ஆணியின் தண்டு குறுக்கே நின்று பாரத்தைத் தடுக்கிறது என்றே பலரும் எண்ணுவர். முனைகளில் உள்ள ஆணிகளுக்கு அவ்வாறு தாங்கும் வேலையும் உண்டு. ஆயின் அதனினும் முதன்மையான வேலை நெருக்கிப் பிடித்தலே.

கட்டுமரத்தை அறிந்தவர்க்கு இது தெளிவாகும். இக்கரையில் இன்று கண்ணாடி இழைப் படகுகள் மிகுந்து கட்டுமரம் அருகிவிட்டதாயினும், அதன் அமைப்பைப் பெரியோர் அறிவர். மரங்களை ஒன்றாக நிறுத்துவது கயிறு. அக்கயிறு மரங்களைச் சுமப்பதில்லை, ஒன்றோடொன்று நெருக்குகிறது. நெருக்கம் உள்ளவரை மரங்கள் நழுவமாட்டா, கயிற்றுக்கும் தேய்வில்லை. கட்டுத் தளர்ந்ததாயின், அலைதோறும் மரங்கள் அசையும். அசைவு கயிற்றை அராவும். அராவிய கயிறு ஒருநாள் நடுக்கடலில் அறும். ஆகவே கயிற்றின் பருமனை மட்டும் நம்பாமல், கட்டின் இறுக்கத்தையே கடலோர் நம்பினர்.

மரையாணி என்பது இரும்பாலாகிய கயிறு. நட்டை முறுக்குங்கால் ஆணியின் தண்டு நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட தண்டு ரப்பரைப்போல் மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரு பொருள்களையும் நெருக்கும் விசையாகிறது. 12 மி.மீ. பருமனும் 8.8 என்னும் தரமும் உள்ள ஆணியொன்று, ஏறத்தாழ 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை, அஃதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் முனையில் எட்டு ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற அளவில், முறுக்கப்படுமாயின், அது உண்டாக்கும் நெருக்கம் மூன்றரை டன்னை ஒட்டியதாகும். இஃது உலகப் போர்க்காலத்து ஜீப்புகள் மூன்றன் எடைக்கு நிகர் எனலாம். இந்நெருக்கத்தால் உண்டாகும் உராய்வே உறுப்புக்களை அசையவொட்டாது நிறுத்துகிறது.

பழைய ஆணியின் குற்றங்கள்

பழைய ஆணியை மீண்டும் பூட்டலாகாது என்பதற்குக் காரணங்கள் நான்கு உள.

முதலாவது, நீட்சி. ஓரளவுக்கு உட்பட்டு நீண்ட உருக்கு, விட்டவுடன் முன்னிலைக்கு மீளும். அவ்வளவைக் கடந்து நீண்டதாயின் மீளாது. யூ போல்ட்டுகள் பெரும்பாலும் மிக இறுக்கமாக முறுக்கப்படுவன. ஆண்டுக்கணக்கில் அதிர்ச்சியைத் தாங்கி நின்றன. வளைவிலும் மரையிலும் சிறிது உருமாறியன. அவற்றை மீண்டும் முறுக்குங்கால், முறுக்கும் கோலுக்கு இறுகியதுபோற் காணினும் வேண்டிய நெருக்கம் உண்டாவதில்லை. கழற்றிய யூ போல்ட்டை மீண்டும் பூட்டாதே என்பது வண்டித் தொழிலோர் விதித்த விதிகளுள் ஒன்று.

இரண்டாவது, களைப்பு. ஒருமுறை வளைத்தால் ஒடியாத கம்பி, பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதைச் சிறுவரும் அறிவர். ஜெர்மானியராகிய அவுகுஸ்ட் வோலர் என்பார், ரயில் வண்டி அச்சுகள் காரணமின்றி ஒடிவதைக் கண்டு, 1850-ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பல்லாண்டு ஆராய்ந்து, ஒருமுறை தாங்கும் பாரத்தினும் மிகக் குறைந்த பாரமும் பன்முறை மாறி மாறித் தாக்குமாயின் உருக்கை ஒடிக்கும் என்று நிலைநாட்டினர். இதில் அறியத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நன்கு முறுக்கப்பட்ட ஆணி, வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியில் ஒரு சிறு பகுதியையே உணரும்; தளர்ந்த ஆணியோ முழுவதையும் உணரும். ஆகவே தளர்ச்சியே களைப்பின் தாய். மரையின் அடிப்பள்ளத்திலும் தலையின் கழுத்திலும் தோன்றும் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்ணாற் காண்டல் அரிது.

மூன்றாவது, துரு. உப்பு தானே காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலால் மழையில்லாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே கிடக்கிறது. அன்றியும் உப்பிலுள்ள குளோரைடு இரும்பின்மேற் படரும் காப்புப் படலத்தை ஊடுருவிக் குழிகளை உண்டாக்குகிறது. காரைக்குடியில் 1948-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் கடற்கரையில் ஆய்விடம் அமைத்து உலோகங்களின் அரிப்பை ஆராய்ந்து வந்துள்ளனர் என்பதிலிருந்தே இக்கேட்டின் பெருமை விளங்கும். வில்முனை ஆணியில் இது மிகக் கொடியது. புஷ்ஷின் உட்குழலுக்கும் ஆணிக்கும் இடையே புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றித் தங்கி, ஆணியின் நடுவுடலைத் தின்கிறது. தலையும் நட்டும் பளபளவென்று இருக்கும்; இடையோ கரும்பின் கடித்த கணுவைப்போல் மெலிந்திருக்கும். 12 மி.மீ. தண்டு 11 மி.மீ. ஆகத் தேய்ந்ததாயின், இழுப்பைத் தாங்கும் பரப்பில் நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைகிறது. வளைவைத் தாங்கும் வலிமையிலோ நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு குறைகிறது. ஒரு மில்லிமீட்டர் தேய்வின் விளைவு இத்துணைப் பெரிது!

நான்காவது, பாரத்தின் மிகுதி. புதுக்கப்பெற்ற வண்டி பழைய வண்டியன்று. பட்டைகள் கூடின, டயர்கள் பருத்தன, முன்புறம் இரும்புக் காப்பும் பின்புறம் சுமையும் ஏறின. பட்டைகளின் எண்ணிக்கை மிகும்போது அடுக்கின் உயரமும் மிகுதலின், பழைய சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் நீளம் போதாமல், நட்டின் மரை முழுதும் பற்றாமலே நின்றுவிடும். நட்டின் வாய்க்கு வெளியே இரண்டு மூன்று மரையேனும் தோன்றினாலன்றி அப்பூட்டை நம்பலாகாது.

நிகழ்ந்த ஒன்று

இக்கூறியவை ஏட்டளவில் நிற்பன அல்ல என்பதற்கு யாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதும். எம் உறவினர் ஒருவர், வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக் கரைமணலிற் செல்லுதற்பொருட்டுப் பழைய ஜீப்பு ஒன்றை வைத்திருந்தனர். அதற்கு நான்கு புதிய வில்கள் வாங்கி ஒரு பட்டறையிற் பூட்டுவித்தனர். பட்டறையார், யூ போல்ட்டுகள் நன்றாகவே உள்ளன என்று கூறிப் பழையவற்றையே பூட்டினர். சில வாரம் சென்றபின், வண்டி நேரே செல்லாமல் ஒருபுறம் சாய்ந்து, நண்டு நடப்பதுபோற் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கியது. ஒருநாள் மாலை, துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் நெருங்கி ஓடும் சாலையில், குழியொன்றில் இறங்கி ஏறியவுடன் பின்னச்சு ஒருபுறம் பின்னோக்கி நழுவி, வண்டி வழியின் குறுக்கே திரும்பிவிட்டது. பின்னே வந்த லாரிக்காரர் விழிப்புடையவராயிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லாது போயிற்று. வண்டியில் அப்போது நால்வர் இருந்தனர். அவருள் ஒருவர் பள்ளிச் சிறுவர்.

மறுநாட் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நீண்டுபோன யூ போல்ட்டுகள் நெருக்கத்தை இழந்தன. வில் அச்சின்மேல் அசைந்தது. அவ்வசைவு முழுவதும், இடங்குறிப்பதற்கென்றே அமைந்த சென்டர் போல்ட்டின்மேற் சுமந்தது. அது களைத்து ஒடிந்தது. ஒடிந்த முகத்தில் ஒரு பாதி பழைய துருவேறிக் கறுத்திருந்தது. மறுபாதி புதிதாக ஒடிந்து வெளிறியிருந்தது. அஃதாவது, விபத்து நேர்ந்த நாளுக்கு நெடுநாள் முன்னரே அவ்வாணி பாதி ஒடிந்திருந்தது. வில்லின் விலைக்கு முன் ஆணியின் விலை ஒரு பொருளன்று. அச்சிறு செலவைச் சுருக்கியதன் விலையாக நான்கு உயிர்கள் நின்றன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

தேர்ந்தெடுக்கும் முறை

இனிப் புதிய ஆணியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்வாம். ஆணியின் தலையே அதன் பிறப்புச் சீட்டு. மில்லிமீட்டர் அளவு ஆணிகளின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். முதலெண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு அறுமுன் தாங்கும் இழுப்பு நியூட்டன் கணக்கிற் கிடைக்கும். இரண்டாம் எண், அதில் எத்தனை பத்திலொரு பங்குவரை ஆணி மீளாது நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். எனவே 8.8 என்பது 800-இல் அறும், 640 வரை மீளும் என்று பொருள்படும். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் அங்குல மரையே உண்டு. அவ்வகை ஆணிகளின் தலையில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும். மூன்று கோடுகள் ஐந்தாந் தரத்தையும் ஆறு கோடுகள் எட்டாந் தரத்தையும் குறிக்கும். அவை முறையே 8.8, 10.9 என்பவற்றை ஒட்டியன. அங்குல மரையில் மில்லிமீட்டர் நட்டை வலிந்து ஏற்றுதல் இரண்டையும் கெடுக்கும். தலையில் யாதொரு குறியும் இல்லாத ஆணி, வேலிக்கும் கதவுக்கும் உதவுமேயன்றி வில்லுக்கு உதவாது.

கடற்கரை வாழ்வோரை மயக்கும் பொருள் ஒன்று உளது. அது துருப்பிடியாத எவர்சில்வர் ஆணி. துருவுக்கு அஞ்சி அதனை வாங்குவோர், கடைகளிற் பெரும்பாலும் கிடைக்கும் ஏ2-70 என்னும் வகை, 450 நியூட்டன் அளவிலேயே மீளாது நீளத் தொடங்கும் என்பதை அறியார், 8.8 தரமோ 640 வரை நிற்பது. அன்றியும் எவர்சில்வர் மரைகள் முறுக்கும்போதே ஒன்றோடொன்று பற்றி இறுகிப்போவதும் உண்டு. ஆகவே துத்தநாகப் பூச்சுள்ள 8.8 தர ஆணியே பொதுவாகத் தக்கது, உற்பத்தியாளர் 10.9 விதித்திருப்பின் அதனையே கொள்ளுக.

மிக வலியதே மிக நன்று என்று எண்ணி 12.9 தரத்தை நாடுதலும் நன்றன்று. மிகக் கடினமான உருக்கு, மின்முறையிற் பூச்சிடும்போதும் துருப்பிடிக்கும்போதும் ஹைட்ரஜனை உட்கொண்டு, எச்சரிக்கையின்றிச் சட்டென ஒடியும் இயல்பினது. பருமனைக் கூட்டுவதற்காகச் சட்டத்தின் துளையை அகலித்தலும் தவறு. ஆணி வலிமை பெறும், அதனைத் தாங்கும் தகடு வலிமை இழக்கும்.

நீளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வில்முனை ஆணியில், தகட்டின் துளைக்குள் நிற்க வேண்டியது மரையில்லாத வழுவழுப்பான தண்டு. முழுதும் மரை வெட்டிய ஆணியைச் செருகினால், மரையின் பள்ளத்திற் குறுக்கு விசை விழுந்து ஒடிவை விளைப்பதோடு, மரையின் கூர்முனைகள் அரம்போலத் துளையையும் அராவும்.

மாற்றும் முறை

வண்டியைத் தூக்கியபின் சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் கீழ்ப் புகுவோர், தம் உயிரை ஒரு சிறு எண்ணெய் வளையத்தில் அடகு வைத்தவராவர். ஒருபுறத்து வில்லை முடித்த பின்னரே மறுபுறத்தைத் தொடுக. அங்ஙனம் செய்யின் அச்சு இடம்பெயராது.

துருவால் இறுகிய ஆணிக்கு முதல்நாள் மாலையிலும் மறுநாட் காலையிலும் ஊடுருவும் எண்ணெய் விடுதல் வேண்டும். இரும்பு துருவாகுங்கால் அதன் கன அளவு பன்மடங்கு பெருகுதலின், ஆணியும் குழலும் ஒன்றாகிக் கிடக்கும், அவசரப்படுதல் பயனில்லை. நெருப்பால் சூடேற்றிக் கழற்றின், அருகிலுள்ள ரப்பர் புஷ்ஷும் கெடும், ஆணியின் பதமும் கெடும். அவ்விரண்டையும் மீண்டும் பூட்டுதல் ஆகாது. பூச்சிட்ட ஆணியைச் சுடுங்கால் எழும் புகை நஞ்சாதலின் அதனை மூச்சில் வாங்காது விலகி நிற்க. பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் மரையுள்ள ஷாக்கிள்கள் உண்டு. அவற்றுட் சில இடப்புறமாகத் திருகும் மரையுடையன. திருகுமுன் மரையின் போக்கை நோக்குதல் வேண்டும். நோக்காது வலிமை காட்டினால், கழற்றுவதாக எண்ணி இறுக்கியவராவோம்.

புதிய ஆணியைப் பூட்டுமுன் துளைகளையும் அச்சின் இருக்கையையும் துருவும் மணலும் நீங்கத் துடைத்தல் வேண்டும். இடையிற் படிந்த துருத்தூள் ஓடும்போது நொறுங்கி உதிரும். உதிர்ந்த அளவுக்கு நெருக்கமும் குறையும். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் ஒன்றை முழுதும் இறுக்கிய பின் மற்றொன்று என்றில்லாமல், குறுக்கு மூலைகளாக மாறி மாறி, மூன்று நான்கு தவணையில் ஒத்த அளவாக இறுக்குக. நைலான் வளையமுள்ள நட்டு ஒருமுறை கழன்றபின் பிடிப்பை இழக்குமாதலின், அதனையும் புதிதாகவே இடுக.

எவ்வளவு முறுக்குதல்? நாம் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, தலையின் கீழும் மரையின் இடையும் உள்ள உராய்வை வெல்வதிலேயே கழிகிறது. எஞ்சிய ஒரு பங்கே நெருக்கமாகிறது. ஆகவே மரையில் எண்ணெய் இருத்தலும் இல்லாமையும் விளைவைப் பெரிதும் மாற்றும். எண்ணெயிட்ட மரையை எண்ணெயில்லா மரைக்குரிய அளவில் முறுக்கினால் ஆணி எல்லை கடந்து நீண்டுவிடும். கை உணர்ச்சியை நம்பாது, அளவு காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு, உற்பத்தியாளர் நூலிற் கூறிய அளவையும் நிலையையும் ஒருங்கே பின்பற்றுக.

பலரும் வழுவும் இடம் ஒன்று இனி வருகிறது. ரப்பர் புஷ் உள்ள வில்முனை ஆணிகளை, வண்டி தாங்கியின்மேல் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கலாகாது. அப்போது வில் முழுதும் தளர்ந்து தொங்குகிறது. அந்நிலையில் ரப்பரைப் பற்றி இறுக்கின், வண்டி தரையில் இறங்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு, ஓயாது அம்முறுக்கிலேயே இருந்து விரைவில் கிழியும். ஆதலின் முதலில் தளர்வாகப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கச் செய்து, சிறிது அசைத்துவிட்ட பின்னரே முழுதும் இறுக்குக. இறுக்கியபின் நட்டிலும் தகட்டிலும் தொடர்ந்தாற்போல் வண்ணக் கோடொன்று இடுதல் நலம். கோடு பிரிந்ததாயின் நட்டு அசைந்தது என்று குனிந்து நோக்கிய அளவிலே அறியலாம்.

புதிய வில்லின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமரும்போது இறுக்கம் சிறிது குறைதல் இயல்பு. ஆகவே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும் யூ போல்ட்டுகளை மீண்டும் அளந்து இறுக்குதல் இன்றியமையாதது. கடல்நீர் பட்ட நாளில் நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுதலும் மறவற்க.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் அமைப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. பழைய ஆணிக்கு ஈடாக அதே தரமுள்ள புதிய ஆணியை இடுதல் பழுது பார்த்தலேயன்றி மாற்றம் அன்று. வண்டியை மிக உயர்த்துதல் முதலியன செய்ய விரும்புவோர் முன்னரே வினவி அறிதல் நன்று.

பழைய இரும்பே பேரிரும்பு, புதியது தகரம் என்று கூறுவாரும் உளர். பழைய இரும்பு நல்லிரும்பாகவே இருந்திருக்கலாம். ஆயின் நல்ல மாடும் முதுமை எய்தும். முதுமை எய்திய மாட்டை நுகத்திற் பூட்டுதல் அதன் பெருமைக்கு அறிகுறியாகாது. முப்பது ஆண்டு பாரந் தாங்கிய ஆணிக்கு ஓய்வளித்தலே நாம் அதற்குச் செய்யும் மரியாதை.

ஆகவே பழைய வண்டியைப் புதுக்கப் புகுவோர், வில்லுக்கும் டயருக்கும் கணக்கெழுதும்போதே சென்டர் போல்ட்டு, யூ போல்ட்டு, வில்முனை ஆணி, ஷாக்கிள் ஆணி, நட்டு என்னும் இவ்வைந்தையும் கணக்கின் முதல் வரியில் எழுதுவாராக. பட்டறையார் பழையதே போதும் என்று கூறினால், கழற்றிய ஆணியைக் கையில் வாங்கி, அதன் இடையை விரலாற் றடவிப் பார்ப்பாராக. வண்டியில் ஏறுவோர் ஆணியைக் காண்பதில்லை; ஓட்டுவோரை நம்பியே ஏறுகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராதல், கண்ணுக்குத் தெரியாத அச்சிற்றுறுப்பைச் செம்மையாகக் காப்பதனாலேயே கைகூடும்.